பழைய கம்ப்யூட்டருக்கு எந்தக் கேசட்? மதுரைப் பக்கம் தேடுவதிலிருந்து சோதித்து முடிப்பது வரை

நிரல்களைக் கேசட்டில் பதிந்து வைக்கும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கேசட் தேடுகிறவர்கள் பாட்டுக் கேட்கிறவர்களிடம் யோசனை கேட்டுவிட்டு, குரோம், மெட்டல், சி-90 என்று விலை கூடியதாகப் பார்த்து வாங்கி விடுகிறார்கள். வேண்டியது அதற்கு நேர் எதிரானது: சாதாரண ஃபெர்ரிக் (இரும்பு ஆக்சைடு) பூச்சு, தடித்த டேப், குறைந்த நீளம், திருகு போட்ட உறுதியான கூடு. இந்த நான்கும் சேர்ந்த கேசட்டுகள் மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இன்னும் கிடைக்கின்றன. எங்கே பார்ப்பது, எதைக் கழிப்பது, கிடைத்ததை எப்படிச் சீராக்குவது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், உங்கள் கருவி எதைக் கேட்கிறது?

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை சாதாரண ஆடியோ கேசட்டையே பயன்படுத்தின. சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம், நம் நாட்டில் டெசிபெல்ஸ் விற்ற டிபி ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ, பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தோடு தொடர்புடைய எஸ்.சி.எல். யூனிகார்ன், எம்.எஸ்.எக்ஸ். வகைகள் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றுக்கு வீட்டில் இருக்கும் டூ-இன்-ஒன்னே போதும். கமடோர் 64-க்கு டேட்டாசெட் என்று தனி டெக் உண்டு. அது ஒலியாக அனுப்பாமல் துடிப்புகளாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஆனால் உள்ளே போவது அதே கேசட்தான். அடாரி 410, 1010 இரண்டும் ஒரு டிராக்கில் குரலையும் மற்றதில் தகவலையும் வைக்கும் ஸ்டீரியோ வகை. தகவலுக்குக் கிடைக்கும் அகலம் குறைவு என்பதால் டேப்பில் சின்னத் தழும்பு இருந்தாலும் அதை முதலில் காட்டிக்கொடுப்பது இவைதான்.

கேசட்டின் வாய்க்கு எதிர்ப்பக்கமுள்ள பின்விளிம்பைப் பாருங்கள். நடுவிலிருந்து சற்று விலகி ஒரு வெட்டுப்பள்ளம் இருந்தால் அது டேட்டா கேசட் டிரைவுக்கானது. அந்த டிரைவில் பாட்டுக் கேசட் உட்காராது. உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பள்ளமே. டியாக் நிறுவனத்தின் சிடி-600 (CT-600) வரிசை அப்படிப்பட்டது. கனமான உலோக அடித்தட்டும் உள்ளே ரப்பர் பட்டையும் உள்ள கால் அங்குல டேப் கார்ட்ரிட்ஜ் வேறு சாதி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஏன் ஃபெர்ரிக், ஏன் சி-60?

கேசட் டேப்பின் அகலம் 3.81 மி.மீ., ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. ஸ்பெக்ட்ரம் சராசரியாக நொடிக்கு 1500 பிட் எழுதுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் டேப் நீளம் சுமார் 0.03 மி.மீ. டேப்பில் 1 மி.மீ. நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தால் 30 பிட் போகிறது, அதாவது கிட்டத்தட்ட 4 பைட். பாட்டில் அது நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு; காது கவனிக்காது. ஸ்பெக்ட்ரமோ ஒரு தொகுதி முழுவதற்கும் ஒரே ஒரு சரிபார்ப்பு பைட்தான் வைத்திருக்கிறது. அது ஒத்துப்போகாவிட்டால் நான்கு நிமிடம் ஓடிய நிரலும் மொத்தமாகப் போச்சு. பிபிசி மைக்ரோ 256 பைட் தொகுதிகளாகப் பிரித்து எழுதுவதால், பிழை வந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஓட்டி அந்தத் தொகுதியை மட்டும் மறுபடி படிக்கவைக்கலாம். கமடோர் 64 எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதுகிறது. அதனால் வேகம் நொடிக்குச் சுமார் 50 பைட்டாகக் குறைகிறது, ஆனால் மோசமான டேப்பையும் ஓரளவு தாங்கும். ஒரே கேசட் கமடோரில் ஏறி ஸ்பெக்ட்ரமில் ஏறாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இனி நீளம். சி-60 என்றால் இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம். சி-60 டேப்பின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. கூட்டின் அளவு மாறாததால் நேரம் கூடக்கூட டேப் மெலிந்தாக வேண்டும். மெல்லிய டேப் இழுபடும், டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரில் சுற்றிக்கொள்ளும், விளிம்பு மடங்கும். கம்ப்யூட்டர் வேலையில் ஓட்டி, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி ஓட்டுவது ஓயாது. சி-120-ஐ யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சி-90 சுமார், அவசரத்துக்கு மட்டும். சி-60 நல்லது. சி-10 முதல் சி-20 வரை கிடைத்தால் அதைவிட நல்லது.

அடுத்து பூச்சு. குரோம் டேப்புக்கு ஃபெர்ரிக்கைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு பயாஸ் மின்னோட்டம் (பதியும்போது ஒலியோடு சேர்த்து ஹெட்டுக்குக் கொடுப்பது) வேண்டும். டூ-இன்-ஒன்களிலும் மோனோ டேப்ரெக்கார்டர்களிலும் அதற்கு வழியே கிடையாது. அதைவிட முக்கியம், அவற்றின் அழிக்கும் ஹெட்டுக்குக் குரோம் டேப்பை முழுதாக அழிக்கும் வலுவில்லை. மேலே புதுசு எழுதினாலும் அடியில் பழையது முனகிக்கொண்டே இருக்கும். மெட்டல் டேப்பில் இது இன்னும் மோசம். டி.டி.கே. டி, சோனி எச்.எஃப்., மேக்ஸெல் யு.ஆர். மூன்றும் ஃபெர்ரிக், தாராளமாக வாங்கலாம். டி.டி.கே. எஸ்.ஏ., மேக்ஸெல் எக்ஸ்.எல்.-2 குரோம் வகை நிலையைக் கேட்பவை. அவற்றைப் பாட்டு விரும்பிகளுக்கு விற்றுவிட்டு அந்தக் காசில் நாலு ஃபெர்ரிக் வாங்குங்கள். லேபிள் கிழிந்து போயிருந்தால் பின்விளிம்பைப் பாருங்கள்: மூலையில் இருக்கும் பதிவுத் தடுப்புக் காதுக்கு ஒட்டினாற்போல் உள்பக்கம் இன்னொரு பள்ளம் இருந்தால் அது ஃபெர்ரிக் அல்ல.

எவ்வளவு நீளம் போதும்?

ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட்டும் நிரம்பிய நிரல், முன்னறிவிப்பு ஒலியையும் சேர்த்துச் சுமார் 5 நிமிடம். பிபிசியில் 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் 20 கிலோபைட்டுக்கு மூன்றரை, நான்கு நிமிடம். எம்.எஸ்.எக்ஸ். 1200 பாட்டில் 16 கிலோபைட்டுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். கமடோர் தன் சொந்த முறையில் 20 கிலோபைட்டை எழுத 7 நிமிடம். ஆக, ஒரு பக்கத்துக்கு 10 நிமிடம் உள்ள சி-20 எல்லாவற்றுக்கும் போதும். பக்கத்துக்கு ஒரு நிரல் என்று வைத்துக்கொண்டால் கவுண்டர் எண்ணைப் பார்த்துத் தேடும் தொல்லையும் இல்லை.

எங்கே தேடுவது?

டவுன்ஹால் ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளிலும் இருக்கும் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்கும்போது "கேசட் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "அதெல்லாம் போயிருச்சுண்ணே" என்பதுதான் பதிலாக வரும். "சீல் பிரிக்காத பிளாங்க் கேசட், சி-60, பழைய ஸ்டாக் மாடியில கிடந்தாலும் பரவாயில்ல" என்று சொன்னால் யோசிப்பார்கள். மூத்த ஆள் கல்லாவில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. இளைஞர்களுக்கு மாடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்காது.

இதைவிடப் பலன் தருவது மைக்செட் கடைகள். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி போன்ற ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைக்குக் குழாய் கட்டியவர்கள் பெட்டி பெட்டியாகக் கேசட் வைத்திருந்தார்கள். தேய்ந்து போனவை நிறைய இருக்கும், ஆனால் அவர்கள் வாங்கியது தொழிலுக்கு என்பதால் சி-60 அதிகம், கூடும் உறுதியானது. இன்று மொபைல் கடையாக மாறிவிட்ட பழைய ரிக்கார்டிங் சென்டர்களின் பரணிலும் பிளாங்க் கேசட் மிச்சம் இருக்கக்கூடும்.

பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் போக நல்ல காலம் போகிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும். வீடு ஒழிக்கும்போது வெளியே வருவது அப்போதுதான். கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுக் கொடுப்பார்கள். மொத்தமாக வாங்கி வந்து வீட்டில் தரம் பிரிப்பது மேல். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக் கேசட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு மூலையில் போடப்பட்டவை அவை, டேப் தேய்ந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் கையால் எழுதிய லேபிளோடு வரும் கேசட்டை உடனே அழித்துவிடாதீர்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று விடிய விடிய நடந்த நாடகத்தை மேடையடியில் உட்கார்ந்து பதிந்ததாக இருக்கலாம், ஒப்பாரியாக இருக்கலாம், ஒரு வீட்டு ஆச்சியின் குரலாக இருக்கலாம். அதற்கு வேறு பிரதி இருக்காது. முதலில் ஓட்டிக் கேளுங்கள், தேவையென்றால் கம்ப்யூட்டரில் பதிந்து வையுங்கள். கடையில் விற்ற சினிமாப் பாட்டுக் கேசட்டுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம்.

புதிதாகவே வேண்டுமென்றால் அமெரிக்காவில் நேஷனல் ஆடியோ கம்பெனியும் பிரான்சில் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸும் இந்தக் காலத்திலும் ஃபெர்ரிக் கேசட் தயாரித்திருக்கின்றன. கேசட் நகல் எடுத்துத் தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்ட நீளத்துக்கு டேப் ஏற்றியும் தரும். ஒன்றிரண்டு வாங்கினால் கேசட்டைவிட அனுப்பும் செலவும் வரியும் கூடிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஐம்பதாக வாங்கினால்தான் கட்டும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். சமமாக, தட்டையாக, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகளோ மாவு தூவினாற்போல் படலமோ இருந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுவரோரம் கிடந்த பெட்டிகளில் இது சகஜம். பதிவு முக்கியமானது என்றால் துடைத்துக் காப்பாற்றலாம். வெறும் பிளாங்க்குக்காக அந்தப் பாடு வேண்டாம், குப்பையில் போடுங்கள். ஒரு பூஞ்சைக் கேசட்டை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த பத்துக் கேசட்டுக்கும் பரவும்.

சுருளின் பரப்பில் ஆரக்கால் போலக் கோடுகள் தெரிந்தால் டேப் தளர்ந்து நெளிந்திருக்கிறது. இரு கோடியும் ஒருமுறை ஓட்டினால் சில சமயம் சரியாகும். விளிம்பு அலை அலையாக இருந்தால் ஆகாது.

கேசட் வாயில், டேப்புக்குப் பின்னால், பித்தளை நிறத் தகட்டில் ஒட்டிய சின்ன ஃபெல்ட் திண்டு இருக்கிறதா? மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் சித்திரை வெயிலில் வெந்த கேசட்டுகளில் பசை காய்ந்து இது விழுந்துவிடும். திண்டு இல்லாமல் டேப் ஹெட்டோடு ஒட்டாது, ஒலி மங்கிக் கரகரக்கும், எதுவும் ஏறாது. டேப் நன்றாக இருந்து திண்டு மட்டும் போயிருந்தால் வாங்குங்கள், ஐந்து நிமிட வேலை. ஃபெல்ட்டுக்குப் பதில் ஸ்பாஞ்சு ஒட்டிய மலிவுக் கூடுகளை மட்டும் தவிருங்கள். அது பொடிந்து டேப் முழுக்கப் பரவியிருக்கும்.

கூட்டில் ஐந்து திருகு இருந்தால் திறந்து பழுது பார்க்கலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். சோனி, டி.டி.கே. பெயர் போட்ட போலிகள் நம் சந்தையில் ஏராளமாகப் புழங்கின. மங்கலான அச்சு, கையில் எடுத்தால் தக்கை போன்ற எடை, சுருளைச் சுற்றியுள்ள நெகிழித்தாள் இல்லாமை, ஆட்டினால் கடகடவென்ற சத்தம் ஆகியவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். போலியைக் கண்டால் பெயரை மறந்துவிட்டு டேப்பை மட்டும் சோதியுங்கள். சில போலிகளில் டேப் நன்றாகவே இருக்கும்.

பாட்டுக் கேசட்டில் பதிவுத் தடுப்புக் காது உடைந்திருக்கும். அந்தத் துளையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் பதியலாம்.

கேசட்டைக் குறை சொல்லும் முன் டெக்கைப் பாருங்கள்

நல்ல கேசட்டையும் கெட்ட டெக் தின்றுவிடும். ஹெட், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டன் இரண்டையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், பஞ்சில் பழுப்பு ஏறாமல் வரும் வரை துடையுங்கள். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் அது பாட்டிலில் கிடைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு கலப்பு இருப்பதால் படிவு விடும். ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் சுருள் சுற்றவில்லை என்றால் பெல்ட் தாராக உருகியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, பெல்ட் போகும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு சிறிய சுற்றளவுள்ள பெல்ட்டைப் போடுங்கள். இறுக்கமானது போட்டால் மோட்டார் வேகம் தள்ளாடும்.

ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகில் கைவைக்கும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். அந்த டெக்கிலேயே பதிந்த உங்கள் பழைய நிரல்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒலியாகப் பதிந்து வையுங்கள். ஹெட் கோணலாக இருந்த காலத்தில் பதிந்தவை அதே கோணலில்தான் சரியாகப் படிக்கும். திருகை நேராக்கிய மறுநிமிடம் அவை எதுவும் ஏறாது. அதன்பிறகு, கடையில் விற்ற நல்ல பாட்டுக் கேசட் ஒன்றை ஓட்டி, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்பி, ஜால்ரா சத்தம் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நகராமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

சுத்தமாக அழிப்பது

மலிவு டேப்ரெக்கார்டர்களில் அழிக்கும் ஹெட் என்பது வெறும் காந்தத் துண்டு. அது பழைய பதிவை அழித்தாலும் இரைச்சலை விட்டுச் செல்லும். பழைய டிவி மெக்கானிக்குகளிடம் கலர் டிவித் திரைக்கறை எடுக்கும் டிகாஸ் காயில் இருக்கும். கேசட் அழிக்க அது அருமையான கருவி. கேசட்டை மர மேசையில் வையுங்கள். காயிலை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து ஸ்விட்ச் போட்டு, மெல்லக் கொண்டுவந்து, கேசட்டுக்கு மேல் பத்து நொடி வட்டமாகச் சுழற்றுங்கள். பிறகு சுழற்றிக்கொண்டே மெல்லப் பின்வாங்கி, மறுபடி ஒரு மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தே அணைத்தால் டேப்பில் "டப் டப்" என்று ஒரு துடிப்பு பதிந்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி ஒருமுறை. காயில் சீக்கிரம் சூடேறும், நடுநடுவே ஆறவிடுங்கள். கைக்கடிகாரம், போன், ஹார்டு டிஸ்க், மற்ற கேசட்டுகள் எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் அருகில் இருக்கவே கூடாது.

ஒரு சி-60-லிருந்து மூன்று சி-20

குட்டைக் கேசட் கடையில் கிடைப்பது அரிது, செய்துகொள்வது எளிது. தேவையானவை: நல்ல சி-60 ஒன்று, டேப் கெட்டுப்போன ஆனால் திருகு போட்ட நல்ல கூடுகள் இரண்டு (இவைதான் தானக் கூடுகள்), சின்ன ஸ்டார் ஸ்குருடிரைவர், புது பிளேடு, டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப். செல்லோடேப் உதவாது. நம்மூர் வெயிலில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

1. சி-60-ஐ முதலிலிருந்து 10 நிமிடம் 30 நொடி ஓட்டி நிறுத்துங்கள். அளவுகோல் வேண்டாம், நிமிடத்துக்கு 2.86 மீட்டர் என்பதால் வலது சக்கரத்தில் இப்போது சுமார் 30 மீட்டர் இருக்கும்.

2. திருகு மேலே தெரியும்படி வைத்து ஐந்தையும் கழற்றி, மேல்மூடியை நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் ஓர உருளைகளும் திண்டுத் தகடும் தெறிக்கும். எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே டேப்பை வெட்டுங்கள். தானக் கூட்டைத் திறந்து, அதன் இரு சக்கரங்களிலிருந்தும் கெட்ட டேப்பை வெட்டி எறியுங்கள். ஆனால் சக்கரத்தில் மாட்டியிருக்கும் நிறமற்ற முன்துண்டை ஒரு சாண் நீளமாவது விட்டுவையுங்கள். அதில்தான் ஒட்டப் போகிறோம்.

4. 30 மீட்டர் சுற்றிய சக்கரத்தின் முனையையும் தானச் சக்கரத்தின் முன்துண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து 45 பாகையில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். இடைவெளியும் விடாமல் ஏறிக்கொள்ளவும் விடாமல் சேர்த்து, பின்பக்கம் ஸ்பிளைசிங் டேப் ஒட்டி நகத்தால் தேய்த்து, வெளியே நீட்டியதைச் சீவிவிடுங்கள்.

எது பின்பக்கம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில டேப்புகளில் காந்தப் பூச்சுப் பக்கமே பளபளக்கும். கேசட் வாயில் ஹெட் வந்து தொடும் வெளிப்பக்கம்தான் பூச்சு, திண்டு தொடும் உட்பக்கம் பின்பக்கம். டேப்பைத் திருப்பி மாட்டிவிட்டால் ஒலி மங்கலாக, எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும்.

5. கூட்டில் வைத்து, டேப் ஓர உருளைகளின் வெளிப்புறமாகவும், திண்டுக்கும் அதன் முன்னாலுள்ள வாய்க்கும் நடுவிலும் போகிறதா என்று பார்த்து, நெகிழித்தாளை மறக்காமல் போட்டு மூடுங்கள். திருகை முழுக்க இறுக்க வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்து சக்கரம் உராயும். பென்சிலை விட்டுச் சுற்றினால் இரு பக்கமும் லேசாகச் சுழல வேண்டும்.

6. மிச்ச டேப்பின் முனையை அடுத்த தானச் சக்கரத்தில் ஒட்டி, மறுபடி பத்தரை நிமிடம் ஓட்டி, அதே வேலை. மூன்று கேசட்டுக்கு ஆறு சக்கரம்: சி-60-ன் இரண்டு, தானக் கூடுகளின் நான்கு. கணக்கு சரியாக வரும்.

ஒட்டு எப்போதும் முன்துண்டுக்கும் டேப்புக்கும் நடுவில் மட்டும். நடு டேப்பில் ஒட்டுப் போட்ட கேசட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்காதீர்கள்.

திண்டு ஒட்ட ஃபெவிபாண்ட் மிக மெல்லிசாகத் தடவுங்கள். குயிக்ஃபிக்ஸ் போன்ற பசை ஃபெல்ட்டில் ஊறிக் கல்லாகி டேப்பைக் கீறும்.

சோதனை

மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து 3000 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை 10 நிமிடத்துக்கு உருவாக்கி, கேசட்டின் இரு பக்கமும் பதியுங்கள். பிறகு அதை மறுபடி ஆடாசிட்டிக்குள் ஓட்டிப் பதிந்து அலைவடிவைப் பாருங்கள். சீரான பட்டையாக இருந்தால் நல்லது. உயரம் பாதிக்குக் கீழே விழும் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு டிராப்-அவுட். தொடக்கத்தில் ஒன்றிரண்டு என்றால் அந்த இடத்தைத் தாண்டிப் பதியலாம். பக்கம் முழுக்க இறைந்து கிடந்தால் கேசட்டைக் கழித்துவிடுங்கள். பள்ளம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது டேப் அல்ல. பிஞ்ச் ரோலரோ சக்கரமோ சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது. பட்டை மெல்ல ஏறி இறங்கினால் திண்டில் கோளாறு.

ஓட்டும்போது கீச்சென்று கத்தும் கேசட்டில் டேப்பின் வழுக்குத்தன்மை போய்விட்டது. அதற்கு மருந்து தேட வேண்டாம்.

இதில் தேறியதை நிஜ நிரலில் பாருங்கள். முன்துண்டு காந்தமில்லாதது, ஆகவே தொடக்கத்திலிருந்து 10 நொடி ஓட்டிவிட்டுப் பதிவை ஆரம்பியுங்கள். புதுக் கேசட்டில் முதல் நிரல் மட்டும் ஏறவில்லை என்கிற புகாரில் பாதி இதுதான். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இருந்தால் அணையுங்கள். ஸ்பெக்ட்ரமில் பதியும்போது காதுக் (EAR) கம்பியைப் பிடுங்கிவிட்டு மைக் (MIC) கம்பியை மட்டும் விடுங்கள். இரண்டும் இருந்தால் ஒலி சுற்றிச் சுழன்று கெடும். பதிந்ததும் சரிபார்க்க ஸ்பெக்ட்ரமிலும் கமடோரிலும் வெரிஃபை (VERIFY), எம்.எஸ்.எக்ஸில் சி-லோட் கேள்விக்குறி (CLOAD?), பிபிசியில் நட்சத்திரக்குறியிட்ட கேட் (*CAT) கட்டளை. பிபிசியில் அது நிரலை ஏற்றாமலே தொகுதி தொகுதியாகச் சரிபார்த்துவிடும்.

பிழை எங்கே வருகிறது என்பது நோயைச் சொல்லும். எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் டேப்பில் தழும்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் ஒலியளவோ ஹெட்டோ வேகமோ. எதையுமே கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஒலியளவு போதவில்லை அல்லது சாய்வு தப்பிவிட்டது. போகப்போகத் தடுமாறினால் சுருள் இறுகியிருக்கிறது: கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக நாலு தட்டுத் தட்டி, இரு கோடியும் வேகமாக ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

வைக்கும் இடம் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டாக இருக்கட்டும், நிற்கவைத்து, டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. பரண் வேண்டாம், ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றிவையுங்கள்.

கால் அங்குலக் கார்ட்ரிட்ஜ் என்றால்

டிசி-600, டிசி-6150, டிசி-2120 போன்றவற்றில் டேப்பைவிட முதலில் சாவது உள்ளே டேப்பை ஓட்டும் ரப்பர் பட்டை. சீல் பிரிக்காததாக இருந்தாலும் அதே கதி. பட்டை அறுந்திருக்கும், இல்லையென்றால் டேப்போடு ஒட்டியிருக்கும். அப்படியே டிரைவில் போட்டால் ஒட்டிய இடத்தில் பூச்சு உரிந்துகொண்டு வரும். முதலில் அடித்தட்டின் திருகுகளைக் கழற்றித் திறந்து, பட்டையை மெல்ல விடுவித்து, பிந்தைய தயாரிப்பான வேறொரு கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த நல்ல பட்டையை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். டிரைவின் ரப்பர் உருளையையும் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுக்கு ஒட்டினால் அது சரியாகும் வரை எந்தக் கார்ட்ரிட்ஜையும் உள்ளே விடாதீர்கள்.

டிகாஸ் காயிலை இவற்றிடம் கண்மூடித்தனமாகக் காட்டக் கூடாது. டிசி-6150-ஐ அழிக்கலாம், எழுதும்போது டிரைவே எல்லாம் செய்துகொள்ளும். இதே போன்ற அமைப்புள்ள, ஆனால் சிறியதான, டிஜிட்டல் எக்யுப்மென்ட் (DEC) நிறுவனத்தின் டியு-58 டிரைவுக்கான கார்ட்ரிட்ஜ் தொழிற்சாலையிலேயே ஃபார்மட் செய்யப்பட்டு வருவது. அந்த டிரைவுக்கு ஃபார்மட் செய்யும் திறன் கிடையாது, காயிலைக் காட்டினால் கார்ட்ரிட்ஜ் அதோடு முடிந்தது.